விட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முடிந்து படகுகள் கரை திரும்பும்போது, மண்டபத்திலோ தொண்டியிலோ மீன்வரத்துக் கணக்கை ஏற்ற உட்காருகிறவருக்குக் கணினியில் அடிக்க வேண்டிய கட்டளை பாதி மறந்திருக்கும். அவர் நம்பியிருப்பது கணக்கை ஏற்றும் மென்பொருள் கருவியின் உதவிக்குறிப்பை மட்டும்தான். அதில் ஓர் உள்ளீட்டுக்குக் 'கட்டாயமில்லை' என்று மட்டும் போட்டால் போதாது. விட்டால் கருவி எதை எடுத்துக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும்.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளைவரிக் கருவி ஒன்று உண்டு; அதற்குக் கோப்புப் பெயர் கட்டாயமில்லை. கொடுக்காவிட்டால் நினைவகத்தில் தற்காலிகத் தரவுத்தளம் ஒன்றைத் திறக்கும். காலை முழுக்க ஏற்றிய எடைக்கணக்கு, தனியாகச் சேமிக்காமல் வெளியேறினால் போயே போய்விடும். பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் பிழை காட்டாது, அந்தப் பெயரிலேயே புதிதாகத் தொடங்கிவிடும். பாம்பன் கணக்கைக் காணோமே என்று பதறுவார்கள். அது பழைய கோப்பில் பத்திரமாக இருக்கும்.

சுருக்க எழுத்துகளை விளக்காமல் விடாதீர்கள். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் சிறிய 'பி' (-p) என்றால் போர்ட் எண், அதாவது சேவையகத்தோடு இணையும் வாயிலின் எண். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் கருவியில் அது கடவுச்சொல், போர்ட்டுக்குப் பெரிய 'பி' (-P). அங்கே சிறிய 'பி'க்குப் பின் இடைவெளி விட்டுக் கடவுச்சொல்லை அடித்தால், அதைத் தரவுத்தளத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்.

இறங்குதளக் கணக்குக்கு ஒரு கருவி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பயன்பாட்டு வரி இப்படி இருக்கலாம் ('துறை' என்பது மீன் இறங்கும் இடம்):

மீன்கணக்கு ஏற்று <கோப்பு> --துறை <பெயர்> --நாள் <தேதி> [--சோதனை]

கோண அடைப்புக்குள் இருப்பதை நாம் நிரப்ப வேண்டும், சதுர அடைப்புக்குள் இருப்பதை விடலாம். அடைப்புக்குறிகளைத் தட்டச்சு செய்யக்கூடாது என்பதையும் எழுதுங்கள்; கோணக் குறியை, நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல் 'இந்தக் கோப்பிலிருந்து படி' என்று புரிந்துகொள்ளும்.

தேதியைப் பலர் சதுர அடைப்புக்குள் போட்டு, விட்டால் இன்றைய தேதி என்பார்கள். இந்தக் கணக்குக்கு அது ஆகாது. நேற்றைய ஏலத்தை இன்று பதிந்தால் கணக்கு ஒரு நாள் தள்ளிப்போகும், யாருக்கும் தெரியவும் தெரியாது. சத்தமில்லாமல் தப்பாகக்கூடியதைக் கட்டாயமாக்கிவிடுவதே நல்லது.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். 'தவறான உள்ளீடு' என்று மட்டும் வந்தால் திருத்துங்கள். 'துறை கொடுக்கவில்லை. --துறை மண்டபம் என்பதுபோல் எழுதவும்' என்று வரவேண்டும்.