லேடி பாம் மஞ்சளடித்தால் முதலில் வெயிலைப் பாருங்கள்

தோட்டம் அமைத்துத் தரும் வேலையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் நாலடி இடம் இருக்கு, வெயிலே விழாது, என்ன வைக்கலாம்?" நான் முதலில் சொல்வது லேடி பாம். சில நர்சரிகளில் ராபிஸ் என்று கேட்டால்தான் தெரியும். தென் சீனா, வியட்நாம் பக்கத்துச் சிறிய பனை வகைச் செடி. ஜப்பானில் எடோ காலத்திலிருந்தே (1603–1868) தொட்டியில் வளர்க்கிறார்கள். தண்டு விரல் பருமன்தான், மேலே பழுப்பு நார் சுற்றியிருக்கும். அடியிலிருந்து பக்கக்கன்று விட்டு, மூங்கில் புதர் போல மெதுவாக அடர்ந்து வரும். பல வருடம் போனாலும் பத்தடி, பன்னிரண்டடிக்கு மேல் போவது அரிது.

ஆனால் இதை வாங்கிப் போய் மொட்டை மாடியிலும் மேற்கு வெயில் அடிக்கிற கேட் ஓரத்திலும் வைக்கிறார்கள். இலை மஞ்சளடிக்கிறது. உடனே சத்துக் குறைவு என்று நினைத்து யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். பட்ட கஷ்டம் போதாதென்று வேரும் கருகுகிறது. தயவுசெய்து உரத்தைத் தொடும் முன் செடியை நிழலுக்கு மாற்றுங்கள். காலை இளவெயில் பரவாயில்லை, மதிய வெயில் கூடவே கூடாது. ஏற்கெனவே கருகிய இடம் பச்சையாகாது. அடுத்து வரும் குருத்தைப் பார்த்துத்தான் தேறியதா என்று சொல்ல முடியும்.

நிழலில் இருந்தும் இலை நுனி மட்டும் காய்கிறதா? அப்படியானால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உப்பான போர்வெல் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். நுனியைக் கத்தரித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. மழைநீர் கிடைத்தால் அதை ஊற்றுங்கள். இல்லையென்றால் அவ்வப்போது நல்ல தண்ணீரை நிறைய விட்டு, தொட்டியின் அடியில் வழிந்தோடும்படி மண்ணைக் கழுவிவிடுங்கள். வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது.

குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி வரை தாங்கும் என்பதால் ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கும் தயங்காமல் சொல்வேன்.

அப்புறம், உயரம் குறைக்க நினைத்துத் தண்டின் தலையை வெட்டாதீர்கள். வெட்டிய தண்டு மறுபடி துளிர்க்காது. உயர்ந்துபோன தண்டை அடியோடு எடுத்துவிட்டால், பக்கக்கன்றுகள் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். புதிய செடி வேண்டுமானால் மழை தொடங்கும்போது தூரை, அதாவது செடியின் அடிக்கொத்தை, பிரித்தெடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் வேரோடு மூன்று, நான்கு தண்டாவது இருக்கட்டும். முன்பு இருந்த ஆழத்திலேயே நட்டு, புதுக் குருத்து வரும்வரை உரம் போடாமல் விடுங்கள்.