குளோரின் மணமும் கூரைத் தாங்கியும்

கொழும்பில் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் மூக்கிலிருந்தே வருகிறது. "மருந்து மணக்குது, குடிக்க மனம் வரேல்லை" என்பதை வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கை வீடுகளிலும் ஒரே தொனியில் கேட்டிருக்கிறேன். நீர்ப் பரிசோதனை என் தொழில். குடியிருப்பாளர்களின் அவதானிப்பு அநேகமாகச் சரியாகவே இருக்கிறது. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது.

நகருக்கான நீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து எடுக்கப்பட்டு அம்பத்தலையில் சுத்திகரிக்கப்படுகிறது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் நீர் வருகிறது. சுத்திகரித்த நீர் நெடுந்தூரம் குழாய்களில் பயணிக்கும்போது கிருமி புகுந்தாலும் அதை எதிர்கொள்வதற்காகவே அதில் சிறிதளவு குளோரின் விட்டுவைக்கப்படுகிறது. வீட்டை வந்தடையும் நீரில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆகவே இலேசான மணம் காவல் இன்னும் இருக்கிறது என்பதற்கான அடையாளமாகும். மணம் பிடிக்காதவர்கள் நீரைச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டுப் பின்னர் குடிக்கலாம்.

எனக்குக் கவலை தருவது மணமே இல்லாத தண்ணீர்தான். தொடர்மாடிகளில் நீர் முதலில் நிலத்தடித் தாங்கியில் தேங்கி, பின்னர் பம்பு மூலம் கூரைத் தாங்கிக்கு ஏறி, அங்கே வெயிலில் சூடாகிக் கிடந்துவிட்டே சமையலறைக்கு இறங்குகிறது. இந்த இடைவெளியில் குளோரின் குறைந்து போய்விடும். மூடி வெடித்த தாங்கியாகவோ, அடியில் சேறு படிந்ததாகவோ இருந்தால் எஞ்சியதும் விரைவில் தீர்ந்துவிடும். ஒரே கட்டடத்தில் தண்ணீர் மீற்றரை அடுத்த குழாயிலும் நான்காம் மாடிக் குழாயிலும் மாதிரி எடுத்தால், கீழே குளோரினும் மேலே, மாசு புகுந்திருக்கலாம் என்பதைக் காட்டும் கோலிபோம் பற்றீரியாவும் இருப்பதைக் காண்பது எங்களுக்குப் புதிதல்ல. மேல்மாடிக்காரரோ தமது தண்ணீர் "நல்ல சுவை" என்று பாராட்டிக்கொண்டிருப்பார். கோலிபோம்களில் மலக் கலப்பைக் காட்டும் வகை ஈ.கோலை; குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. நாக்கால் அதைக் கண்டறிய வழியில்லை.

நிறத்தைப் பற்றிய முறைப்பாடு வேறு வகையானது. நீர்வெட்டுக்குப் பின் முதலில் செந்நிறமாக வருவது பழைய இரும்புக் குழாய்களின் துரு. சற்று நேரம் திறந்துவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வரட்சிக் காலத்தில் உவர்ப்புத் தெரிந்தால் அது கற்பனையன்று. ஆற்றில் நீரோட்டம் குறையும்போது கடல்நீர் களனி வழியே உள்ளேறுகிறது, மணல் அகழ்வால் தாழ்ந்துபோன ஆற்றுப்படுகை அதற்கு வழிவிடுகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

அழுத்தம் குறைவு என்று பிரதான இணைப்பிலேயே நேரடியாகப் பம்பு பூட்டி உறிஞ்சுகிறவர்கள், குழாயில் எங்காவது வெடிப்பு இருந்தால் பக்கத்துக் கானின் அழுக்கையும் சேர்த்தே இழுத்துவிடக்கூடும். அது அயலவரின் குழாய்க்கும் போய்ச் சேரும்.

வடிகட்டி விற்பவர்கள் காட்டும் வித்தையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு உலோகக் கம்பிகளை நீரில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சியதும் குழாய்த் தண்ணீர் கபில நிறமாக மாற, அவர்களுடைய நீர் தெளிவாகவே இருக்கும். கபில நிறம் கரைந்த இரும்புக் கம்பியுடையது. குழாய் நீரிலுள்ள சாதாரண தாதுப்புக்கள் மின்சாரத்தைக் கடத்துகின்றன, தாதுப்பு நீக்கிய நீர் கடத்துவதில்லை. விடயம் அவ்வளவுதான். அவர்கள் நீட்டும் ரி.டி.எஸ். மீற்றரும் கரைந்த தாதுப்புக்களை மதிப்பிடுமேயன்றிக் கிருமிகளை எண்ணாது.

தண்ணீரில் சந்தேகம் வந்தால் முதலில் தண்ணீர் மீற்றரை அடுத்த குழாயில் ஒரு கண்ணாடிக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். அங்கும் அதே நிறமும் மணமும் இருந்தால், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்து, எந்த வீதி, எத்தனை மணியிலிருந்து, அயலவருக்கும் இப்படியா என்பவற்றைச் சொல்லுங்கள். அங்கே நன்றாக இருந்து சமையலறையில் மட்டும் கெட்டிருந்தால், மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் வாங்கும் தொடர்மாடி முகாமைக் குழுவிடம் தாங்கிகள் இரண்டும் கடைசியாகக் கழுவப்பட்ட திகதியைக் கேளுங்கள்.