கல்லீரல் வெட்டில் தெரியும் பழுப்பெல்லாம் சாயமல்ல

கல்லீரல் திசுவில் எந்தச் செல் எங்கே இருக்கிறது என்று ஆன்டிபாடி சாயத்தால் (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி வழியாக நிறம் ஏற்றும் முறை) பார்க்கப் போகிறீர்களா? சாயமே ஏற்றாத ஒரு வெட்டை (மெல்லிய திசுச் சீவலை) முதலில் மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். கல்லீரலுக்குச் சொந்த நிறம் உண்டு. லிப்போஃபியூசின் (வயதாக ஆகச் செல்லில் சேரும் கழிவு நிறமி), பித்தம், இரும்புப் படிவு மூன்றுமே பழுப்பு. ஆன்டிபாடி சாயத்தில் வழக்கமாகப் பயன்படும் டிஏபி நிறமியும் பழுப்பு. இவை நிறைந்த திசுவுக்குச் சிவப்பு நிறமியே நல்லது.

ஒளிர்சாயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. லிப்போஃபியூசின் பச்சை, சிவப்பு என எல்லா ஃபில்டரிலும் ஒளிரும். அதுவும் மத்தியச் சிரையை ஒட்டிய செல்களில்தான் அதிகம். அதனால் அந்தப் பகுதிக்கே உரிய புரதம் கிடைத்துவிட்டது என்று எளிதாக ஏமாறலாம். ஒரே புள்ளி எல்லா ஃபில்டரிலும் தெரிந்தால் அது உங்கள் ஆன்டிபாடி அல்ல. 70% எத்தனாலில் கரைத்த 0.1% சூடான் பிளாக் என்ற கறுப்புச் சாயம் இதை அடக்கும். ஆன்டிபாடி வேலை முழுவதும் முடிந்த பிறகே அதை ஊற்றுங்கள். பிறகு டிடர்ஜென்ட் கலந்த பஃபரில் கழுவாதீர்கள், சூடான் பிளாக் போய்விடும்.

பெராக்சிடேஸ் என்ற நொதியால் நிறம் உண்டாக்கும் முறையில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் ஊறவைக்காமல் விட்டால் சிவப்பணுக்கள்கூட நிறமேறும். பயோட்டின் என்ற வைட்டமினைக் கொண்டு ஆன்டிபாடியை நொதியோடு இணைக்கும் கிட்டுகளைக் கல்லீரலுக்குத் தவிர்த்துவிடுங்கள். கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் பயோட்டின் ஏராளம். ஆன்டிஜன் மீட்புக்காக, அதாவது ஆன்டிபாடி ஒட்டும் இடங்களைத் திறப்பதற்காக, சூடாக்கும்போது அது மேலும் வெளிப்படும். பயோட்டின் இல்லாத பாலிமர் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

சாயம் சரியாக ஏறியதா என்பதை அதே வெட்டே சொல்லிவிடும். குளுட்டமின் சிந்தெடேஸ் என்ற நொதி, ஆரோக்கியமான கல்லீரலில் மத்தியச் சிரையைச் சுற்றி ஒன்று முதல் மூன்று வரிசைச் செல்களில் மட்டுமே வரவேண்டும். எல்லாச் செல்லிலும் பரவியிருந்தால் முதல் ஆன்டிபாடியை (புரதத்தில் நேரடியாக ஒட்டுவதை) இன்னும் நீர்க்கச் செய்து பாருங்கள். அதேபோல், சிகே19 என்ற புரதம் பித்தநாளச் செல்களோடு நின்றுவிட வேண்டும்.

மார்க்கர் (ஒரு செல்வகையை அடையாளம் காட்டும் புரதம்) தேர்விலும் கவனம் தேவை. ஆல்பா-எஸ்எம்ஏ என்ற தசைப் புரதம், தூண்டப்பட்ட ஸ்டெலேட் செல்லைத்தான் (கல்லீரலில் தழும்புத் திசுவை உண்டாக்கும் செல்) காட்டும். அமைதியாக இருக்கும் ஸ்டெலேட் செல் அதில் தெரியாது, ஆனால் ரத்தக்குழாய்த் தசை தெரியும். எலியின் குப்ஃபர் செல்லுக்கு (கல்லீரலில் வாழும் விழுங்கு செல்) கச்சிதமான மார்க்கரான கிளெக்4எஃப், மனிதக் கல்லீரலில் உதவாது. அங்கே சிடி68, சிடி163 போன்றவற்றைத்தான் நாட வேண்டும்.

எண்ணும்போது இன்னொன்று: கல்லீரல் செல்கள் பலவற்றில் இரண்டு நியூக்ளியஸ் இருக்கும். செல்லோ 20 முதல் 30 மைக்ரான் அகலம். 4 மைக்ரான் வெட்டில் பல செல்கள் நியூக்ளியஸே இல்லாமல் தெரியும். ஆகவே எண்ணியது நியூக்ளியஸை என்றால், அறிக்கையிலும் நியூக்ளியஸ் என்றே எழுதுங்கள்.