பெரிய வீல் போட்டா கார் சொகுசா ஓடுமா? டயர் கடையில நின்னு நான் பாக்கறது

கோயம்புத்தூர்ல வீல் அலைன்மென்ட், டயர் வேலை பண்றேன், இருபது வருசம் தாண்டிருச்சு. போன வருசம் ஒரு தம்பி அவரோட ஹேட்ச்பேக்க கொண்டுவந்தாரு. "அண்ணா, எண்பதுல போனாலே உள்ள ங்ஙொய்னு ஒரே சத்தங்கண்ணா, எங்கம்மா பின்னாடி உக்காந்தா இடுப்பு புடிச்சுக்குதுன்னு ஊருக்கு பஸ்லயே வரேங்கறாங்க"ன்னாரு. குனிஞ்சு பாத்தா 205/45 ஆர்17. கம்பெனி குடுத்தது 185/65 ஆர்15. காரு வாங்கி மூணே மாசத்துல நல்லா இருந்த வீல கழட்டி வித்துட்டு பெரிய அலாய் போட்டிருக்காரு. பாக்க நல்லாத்தான் இருக்கு, அத நான் இல்லன்னு சொல்லல, ஆனா அவங்கம்மாவுக்கு இடுப்பு வலி வந்ததே அந்த வீலாலதான்.

டயர் பக்கவாட்டுல இருக்கற அந்த நம்பர ஒரு தடவ நிதானமா படிச்சுப் பாருங்க. 185ங்கறது மில்லிமீட்டர்ல அகலம், 65ங்கறது அந்த அகலத்துல 65 சதவீதம் சைடுவால், அதாவது டயரோட பக்கச் சுவர் உயரம், 15 ரிம்மோட இஞ்ச். 185ல 65 சதவீதம் போட்டா கிட்டத்தட்ட 120 மில்லிமீட்டர், அதான் உங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவுல காத்து அடைச்சு வெச்சிருக்கற மெத்தை. 205ல 45 சதவீதம் போட்டா 92தான் வருது, ஒரு இஞ்சுக்கு மேல மெத்தை போயிருச்சு. ரெண்டு டயரோட மொத்த உயரமும் பாத்தா 621, 616ன்னு பக்கம் பக்கமாத்தான் இருக்கும், அதனால மீட்டர் சரியா காட்டுது, எங்கயும் உரசல, எல்லாம் சரின்னு தோணும். ரிம் பெருசானப்ப ரப்பரும் காத்தும் இருந்த எடத்த இரும்போ அலுமினியமோ புடிச்சிருச்சுங்கறது பள்ளத்துல எறங்கினாத்தான் தெரியும்.

இன்னொரு விசயம் பல பேரு கவனிக்கறதே இல்ல, லோடு இன்டெக்ஸ். சைஸுக்குப் பக்கத்துல 88 எச்னு போட்டிருக்கும், 88ன்னா அந்த டயர் ஒண்ணு 560 கிலோ தாங்கும், எச்னா 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். அந்த 205/45 ஆர்17ல சாதா டயர் 84, அதாவது 500 கிலோதான். 560 வேணும்னா எக்ஸ்எல்னு போட்ட கெட்டியான டயர் வாங்கணும், அது அந்த எடைய தாங்கணும்னா காத்தும் கூட வெக்கணும். உயரம் கம்மி, உடம்பு கெட்டி, காத்து அதிகம், மூணும் சேந்தா கல்லு மேல ஏறினாலே முதுகுல தெரியும். மறக்காம பாருங்க, கம்பெனி டயர்ல இருக்கற நம்பருக்குக் கீழ எந்தக் காரணத்துக்கும் எறங்காதீங்க, குடும்பத்தோட லக்கேஜோட போற வண்டி அது.

அந்த தம்பிக்கு நான் சொன்னது, திரும்ப 15க்கே வாங்கன்னுதான். மாருதி பலேனோவையே எடுத்துக்கங்க, கீழ் வேரியன்ட்ல 185/65 ஆர்15, மேல் வேரியன்ட்ல 195/55 ஆர்16, ஒரே காருக்கு கம்பெனியே ரெண்டும் குடுக்குது, மொத்த உயரம் ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்ல. ஸ்விஃப்ட்லயும் 165/80 ஆர்14, 185/65 ஆர்15ன்னு ரெண்டு வந்துச்சு. இந்த மாதிரி கம்பெனி லிஸ்ட்ல இருக்கறதுல சின்ன ரிம்ம எடுத்தீங்கன்னா சைடுவால் உசரமா கெடைக்கும், டயர் வெலையும் கம்மி, பள்ளத்துல அடிச்சு ரிம் வளையறதும் டயர் வயிறு தள்ளறதும் கொறையும். லிஸ்ட்ல இல்லாத சின்ன ரிம்முக்குப் போகாதீங்க, பிரேக் கேலிப்பர்ல இடிக்கலாம். லிஸ்ட்ல இருந்தாலும் ஒரு வீல மாட்டி கையால சுத்திப் பாத்துட்டு அப்பறமா காசு குடுங்க.

அகலம் கூட்டினா கிரிப்பும் சொகுசும் வரும்னு நெனச்சு வர்றவங்க நெறைய. அதே பேட்டர்ன்ல, அதாவது டயர் மேல வெட்டியிருக்கற அதே டிசைன்ல, அகலம் கூடக்கூட ரோட்டுல படற எடம் அகலமாகுது, டயர்ல வெட்டியிருக்கற காடிக்குள்ள மாட்டற காத்து பிதுங்கி வெளிய வர்றதும் அதிகமாகுது, சத்தந்தான் கூடும். மழத்தண்ணி தேங்கின ரோட்டுல அகல டயரு சீக்கிரமா மெதக்கவும் செய்யும். 185/65க்கு பதிலா 195/65 போடலாமாங்கறாங்க, மொத்த உயரம் ரெண்டு சதவீதம் ஏறுது, மீட்டர் 100 காட்டறப்ப வண்டி 102ல போகும், வீல திருப்பறப்ப உள்ள உரசுதான்னும் பாக்கணும். சில வண்டில பிரச்சனையே இல்ல, கொஞ்சம் மெத்தையும் கூடும். ஆனா மூணு சதவீதத்துக்கு மேல தாண்டினா நான் மாட்டித் தர்றதில்ல.

இவ்வளவு சொல்றேனே, சத்தம்னு வர்ற வண்டில பாதிக்கு சைஸு காரணமே இல்லீங்க. முதல்ல காத்து. ஒரு பெரியவரு நாலு டயரும் புதுசா போடணும்னு வந்தாரு, கேஜ் வெச்சா 42 பிஎஸ்ஐ, டிரைவர் பக்கக் கதவத் தொறந்தா இருக்கற ஸ்டிக்கர்ல போட்டிருக்கறது 33. எறக்கி விட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கையான்னேன், வந்து எறங்கினவரு டயரே வேண்டாம்ப்பான்னுட்டாரு. அந்த ஸ்டிக்கர் நம்பரு வண்டி ஓடாம ஆறின டயருக்கு, ஓடி சூடான டயர்ல நாலஞ்சு கூடக் காட்டும், அதப் பாத்து எறக்கிறாதீங்க. நைட்ரஜன் அடிச்சா சொகுசா இருக்குமான்னு கேட்டா, சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அளவு சரியா இருக்கறதுதான் முக்கியம்.

அடுத்தது உள்ளங்கைய வெச்சு டயர தடவிப் பாருங்க, உள்ளருந்து வெளிய போனா வழவழன்னும் வெளியருந்து உள்ள வந்தா ரம்பம் மாதிரியும் இருந்துச்சுன்னா அலைன்மென்ட்ல டோ, அதாவது மேலருந்து பாத்தா வீலுங்க உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கற அளவு, மாறிப் போயிருக்கு. அங்கங்க குழி குழியா தேஞ்சிருந்தா ஷாக் அப்சார்பரையும் சஸ்பென்ஷன்ல இருக்கற ரப்பர் புஷ்ஷையும் பாக்கச் சொல்லுங்க, அத சரி பண்ணாம புது டயர் போட்டா அதையும் தின்னுரும். வீல் பேரிங் சத்தத்த டயர் சத்தம்னு நெனச்சு காசு செலவு பண்ணினவங்களும் உண்டு. பழைய தார் ரோட்டுலருந்து புது ரோட்டுல ஏறினதும் சத்தம் மாறினா டயரு, ரோடு எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி உறுமி, வளைவுல ஒரு பக்கம் திருப்பறப்ப மட்டும் கூடியோ கொறைஞ்சோ போனா பேரிங்.

வயசும் பாருங்க. சைடுவால்ல நாலு இலக்கம் இருக்கும், 2324ன்னா 2024ஆம் வருசத்தோட 23வது வாரத்துல செஞ்சது. பட்டன், அதாவது ரோட்டுல படற ரப்பர், தேயாம நெறைய இருந்தாலும் அஞ்சாறு வருசமானா ரப்பர் கல்லாயிருது, சத்தமும் அதிகம், மழைல பிடிப்பும் கம்மி. புதுசு வாங்கறப்பவும் அந்த நாலு இலக்கத்த நீங்களே படிங்க, நாலு டயருக்கும் தனித்தனியா.

பேட்டர்ன் விசயத்துல, கட்டை கட்டையா பெரிய இடைவெளி விட்ட ஏடி (ஆல் டெரைன்) டயரு மண்ணு ரோட்டுக்கு, பைபாஸ்ல அது உறுமிட்டேதான் வரும். டவுனும் ஹைவேயும்தான்னா நடுவுலயும் ஓரங்கள்லயும் தொடர்ச்சியா ரிப்புங்கற ரப்பர் பட்டை ஓடற, கட்டைங்க ஒரே அளவுல இல்லாம சின்னதும் பெருசுமா கலந்து வர்ற டயரு எடுங்க. எல்லாக் கட்டையும் ஒரே அளவா இருந்தா ஒரே சுதில சத்தம் வரும், காதுக்கு அதுதான் தொந்தரவு. ஐரோப்பா லேபிள்ல டெசிபல் போட்டிருக்கேன்னு சிலர் காட்டறாங்க, அது வண்டிக்கு வெளிய ஓரமா மைக் வெச்சு அளந்தது, உள்ள உக்காந்திருக்கற உங்களுக்குக் கேக்கறது இல்ல.

வெளி அலாய் வாங்கியே ஆகணும்னா போல்ட் ஓட்டை மட்டும் சேந்தாப் போதாது, நடு ஓட்டை உங்க ஹப்போட, அதாவது வண்டில வீல் மாட்டற நடுப் பாகத்தோட, கச்சிதமா உக்காரணும், பெருசா இருந்தா இடைவெளிய அடைக்கற ஹப் ரிங் போடுங்க. அது இல்லாம எத்தன தடவ பேலன்சிங் பண்ணினாலும் 80, 100ல ஸ்டீயரிங் ஆடலாம். ஆஃப்செட்டும், அதாவது வீல் உள்ளயோ வெளியவோ தள்ளி உக்கார்ற அளவும், கம்பெனி அளவுக்குப் பக்கத்துல இருக்கணும்.

அந்த தம்பி பழைய அளவுலயே 15 இஞ்ச் செட் போட்டுட்டாரு, டோ கொஞ்சம் வெளிய இருந்துச்சு, சரி பண்ணினேன். முதல் முந்நூறு கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க, புது ரப்பர் மேல இருக்கற வழவழப்பு போகணும்னு சொல்லி அனுப்புனேன். ரெண்டு வாரம் கழிச்சு வீல் நட்டு டைட்டு பாக்க வந்தாரு, பின்சீட்ல அவங்கம்மா உக்காந்திருந்தாங்க.