பழுதான மரபணு காத்த இதயங்கள்

சில குடும்பங்களில் நாற்பது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வந்துவிடுகிறது. முதலில் அப்பாவுக்கு, பிறகு அண்ணனுக்கு, அப்புறம் தம்பிக்கு. "எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று அவர்கள் சொல்வது பல நேரங்களில் உண்மைதான். பிறந்ததிலிருந்தே ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால், அதாவது எல்.டி.எல்., எக்கச்சக்கமாக இருக்கும் சில பிரெஞ்சுக் குடும்பங்களை கேத்தரின் புவாலோ, நபீல் சைடா ஆகியோரின் குழுக்கள் ஆராய்ந்தன. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவில் கோளாறு இருப்பதை 2003இல் கண்டறிந்தார்கள்.

அந்த மரபணு என்ன செய்கிறது? கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் மிதந்து வரும் எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது அவற்றின் வேலை. (இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.) உள்ளே போன ஏற்பி சுமையை இறக்கிவிட்டு மறுபடி மேலே வந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய பத்து நிமிடம்தான். இப்படி ஒரே ஏற்பி நூறு தடவைக்கு மேல்கூடப் போய்வரும். நம் மரபணு உருவாக்கும் பி.சி.எஸ்.கே.9 புரதம் அந்த ஏற்பியில் ஒட்டிக்கொண்டால் அது திரும்பி வர முடியாது. துகளோடு சேர்ந்து அதுவும் செரிக்கப்பட்டுவிடும். பிரெஞ்சுக் குடும்பங்களில் இந்தப் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்தது. ஏற்பிகள் குறைந்தன, ரத்தத்தில் எல்.டி.எல். தேங்கியது.

சரி, இதே மரபணு வேலை செய்யாமல் போனால்? டல்லஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் இதைத்தான் தேடினார்கள். எல்.டி.எல். மிகக் குறைவாக இருந்தவர்களில் சிலருக்கு இந்த மரபணு செயலிழந்திருந்தது. பிறகு, 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்ட வேறொரு ஆய்வின் தரவுகளில் அதே பிறழ்வைத் தேடி, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் இருந்த கறுப்பின அமெரிக்கர்களில் 2.6 சதவீதம் பேருக்கு அது இருந்தது. அவர்களின் எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவு. இதயத் தமனி நோய்க்கான ஆபத்தோ 88 சதவீதம் குறைவு!

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஐம்பது, அறுபது வயதில் மாத்திரை தொடங்கி எல்.டி.எல்.லை இதே அளவு குறைத்தாலும், சில ஆண்டுகளில் இவ்வளவு பெரிய பலன் கிடைப்பதில்லை. காரணம் காலம். ரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு இளம் வயதிலேயே படியத் தொடங்குகிறது. எவ்வளவு எல்.டி.எல். என்பதோடு, எத்தனை ஆண்டுகள் என்பதும் கணக்கில் சேர்கிறது. அந்த 2.6 சதவீதம் பேருக்குக் கணக்கு பிறந்த நாளிலிருந்தே குறைவாக ஓடியது. மரபணுவின் இரு பிரதிகளும் செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எல்.டி.எல். வெறும் 14 மில்லிகிராம்தான். அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். ஆகவே இந்தப் புரதத்தைத் தடுத்தால் உடலுக்குக் கேடு வராது என்ற தைரியம் மருந்து ஆய்வாளர்களுக்குப் பிறந்தது.

2015இல் பி.சி.எஸ்.கே.9 புரதத்தைப் பிடித்துத் தடுக்கும் இரண்டு எதிர்ப்புரத ஊசிகள் ஒப்புதல் பெற்றன. அப்புறம் வந்த இன்கிளிசிரான் என்ற மருந்து, புரதம் உருவாகும் முன்பே அதற்கான ஆர்.என்.ஏ. செய்தியை, அதாவது மரபணுவின் கட்டளை நகலை, அழித்துவிடுகிறது, தொடக்கத் தவணைகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போதும். கல்லீரலில் இந்த மரபணுவின் ஒரே ஒரு எழுத்தைத் திருத்தி, நிரந்தரமாக அணைத்துவிடும் சிகிச்சையின் மனிதச் சோதனை 2022இல் தொடங்கியது.

பிறவியிலேயே எல்.டி.எல். கூடும் குடும்ப நோய் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தப் பிள்ளைகளைப் பத்து வயதிலேயே சாதாரண ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.