ஒரே வீடு, இரண்டு மாத்திரை, ஓர் இளநீர்

"எங்கள் இருவருக்கும் இரத்த அழுத்தம். கணவர் லோசார்டான் சாப்பிடுகிறார். சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருப்பதால் இளநீர் வேண்டாம் என்கிறார் மருத்துவர். எனக்கு நீர் பிரியும் மாத்திரை. தினமும் ஒரு வாழைப்பழம் சாப்பிடச் சொல்கிறார். இரண்டும் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள்தானே?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

விஷயம், இளநீரிலும் வாழைப்பழத்திலும் நிறைந்திருக்கும் பொட்டாசியம். உடலில் உள்ளதில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள் அடைந்து கிடக்கிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான். இந்த உள், வெளி வேறுபாட்டை நம்பித்தான் இதயத்தின் மின்துடிப்பு நடக்கிறது. இரத்தத்தில் அளவு ஏறினாலும் இறங்கினாலும் தாளம் தப்பும். இதெல்லாம் பள்ளிப் பாடம். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதிலுள்ள சோடியத்தின் பெரும்பகுதியை நுண்குழாய்களின் முற்பகுதியே மீட்டுவிடும். மிச்சம்மீதியைப் பொறுக்கி எடுக்க வால்பகுதியில் சோடியக் கதவுகள் இருக்கின்றன. நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம் அந்தக் கதவு வழியே சுவர்ச் செல்லுக்குள் நுழைந்ததும், குழாயின் உட்புறம் எதிர்மின் பக்கம் சாய்கிறது. செல்லுக்குள் நிறைந்திருக்கும் பொட்டாசியமும் நேர்மின்னூட்டம் கொண்டதுதான். அந்த இழுப்புக்கு இசைந்து, பக்கத்துக் கதவு வழியே நழுவிச் சிறுநீரில் விழுகிறது. எத்தனை கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அனுப்பித் தீர்மானிக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்தச் சிக்கனம் எனக்கு அலுப்பதில்லை.

ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃபியூரோசிமைடு போன்ற நீர் மாத்திரைகள் வால்பகுதிக்கு முன்பே சோடிய மீட்பைத் தடுக்கின்றன. தப்பிய சோடியம் வால்பகுதிக் கதவுகளில் வந்து முட்டுகிறது, நிறைய நுழைகிறது, அதற்கேற்பப் பொட்டாசியம் வெளியேறுகிறது. ஆகவே வாழைப்பழம். லோசார்டான், டெல்மிசார்டான், எனலாப்ரில் ஆகியவையோ ஆல்டோஸ்டிரோனைக் குறைக்கின்றன. திறந்த கதவுகள் குறைந்து பொட்டாசியம் உள்ளேயே தங்குகிறது.

சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் டிரைமெத்தோபிரிம் என்ற மருந்து, பாக்டீரியாவைத் தாக்க வந்த இடத்தில் தற்செயலாக இதே சோடியக் கதவையும் அடைத்துவிடுகிறது. லோசார்டான் சாப்பிடும் முதியவருக்கு இதுவும் சேர்ந்தால் சில நாட்களிலேயே பொட்டாசியம் ஏறலாம். புதிதாக எந்த மாத்திரை தந்தாலும் பழைய சீட்டைக் காட்டச் சொல்வது இதனால்தான்.

ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், இதயச் செயலிழப்பு நோயாளிகளின் இறப்பை 30 சதவீதம் குறைத்ததாக 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவர்கள் தாராளமாக எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், இதயச் செயலிழப்புக்கு எனலாப்ரில் வகை மருந்து சாப்பிட்ட முதியவர்களிடையே, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். மருந்துச் சீட்டுகளையும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் பொருத்திப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார்கள். பளபளப்பில்லாத இத்தகைய கணக்குப்பிள்ளை ஆய்வுகளுக்கு நம் நாட்டிலும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

இந்துப்பு பற்றியும் ஒரு வார்த்தை. அது பொட்டாசியம் குளோரைடு, ஆகவே சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றுகிறது. இந்துப்பில் மிகப் பெரும்பங்கு சாதாரண சோடியம் குளோரைடுதான். சொன்னது உண்மையாக இருந்திருந்தால், சிறுநீரக நோயாளிக்கு அதைவிட ஆபத்தான உப்பு வேறில்லை! பொட்டாசியம் குளோரைடு உண்மையில் கலந்திருப்பது 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட்டில். வாசகியின் கணவர் இளநீரை மட்டும் நிறுத்திவிட்டு இந்த உப்பைச் சமையலில் போட்டால் பயனில்லை.

மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். தொடங்கிய, அளவு மாற்றிய ஓரிரு வாரங்களில் இரத்தப் பரிசோதனை போதும். ஊசி குத்தும்போது கையை இறுக்கி இறுக்கி மூட வேண்டாம்; தசையிலிருந்து கசியும் பொட்டாசியம் அறிக்கையில் எண்ணை உயர்த்திக் காட்டும்.