‘பங்கு’: ஒரு திருச்சபைச் சொல்லும் அதன் அயல்வேரும்

நீலகிரியில் கத்தோலிக்கர் இருவர் புதிதாகச் சந்தித்தால், “நீங்க எந்தப் பங்கு?” என்ற கேள்வி விரைவிலேயே எழும். காந்தல், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என ஊர்ப்பெயரே அதற்கு விடையாக வரும். ஒரு பங்குத்தந்தையின், அதாவது ஓர் ஆலயத்துக்குப் பொறுப்பான குருவின், பொறுப்பில் உள்ள இறைமக்களையும் அவர்கள் வாழும் பகுதியையும் சேர்த்தே குறிக்கும் சொல் இது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘பாரிஷ்’ என்பதன் வேரைத் தேடிச் சென்றால், ஊரும் உரிமையும் இல்லாத மனிதர்களிடம் போய்ச் சேர்கிறோம்.

கிரேக்கத்தில் ‘பாரா’ என்பது அருகு. ‘ஓய்க்கோஸ்’ என்பது வீடு. இரண்டும் சேர்ந்த ‘பாரொய்க்கோஸ்’, ஓர் ஊரில் குடியுரிமையின்றி, அவ்வூராரின் வீடுகளுக்கு அருகே வாழ்ந்துவரும் வேற்றூராரைக் குறித்தது. ஆபிரகாமின் வழிமரபினர் வேற்றுநாட்டில் வாழப்போகும் நிலையைச் சொல்லும் விவிலியத்தின் தொடக்கநூல் 15:13-இல், எபிரேயத்தின் ‘கேர்’ என்பதற்குப் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு இச்சொல்லையே இட்டது. முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமைத் திருச்சபை கொரிந்துத் திருச்சபைக்கு எழுதிய மடல், தன்னையும் அதனையும் அந்தந்த ஊரில் அந்நியராய்த் தங்கியிருக்கும் சபைகள் என்றே அழைக்கிறது. அவ்வாறு தங்கியிருத்தலின் பெயரான ‘பாரொய்க்கியா’தான் இலத்தீன், பிரெஞ்சு வழியாக ‘பாரிஷ்’ ஆயிற்று.

பழைய தமிழ் வேதாகமம் 1 பேதுரு 1:17-இல் அச்சொல்லைப் ‘பரதேசிகளாய்ச் சஞ்சரிக்குமளவும்’ என்று பெயர்த்தது. பிற தேசத்தாரையும் ஊர் ஊராய்ச் செல்லும் துறவியரையும் குறித்த வடமொழிச் சொல் அது. இன்று தெருவில் வசையாகிவிட்டது. வீடற்றவரைக் குறித்த சொல் வசையாய் மாறியது அச்சொல்லின் குற்றமன்று என்றாலும், இனி அதனைத் திருச்சபையின் பெயருக்கு விளக்கமாகக் கொள்ள இயலாது.

பொருத்தமான தமிழ் வேர் ‘அயல்’ என்பது என் துணிபு. அயல்வீடு என்றால் பக்கத்து வீடு. அயல்நாடு என்றால் பிறநாடு. அருகில் இருத்தலையும் அந்நியமாய் இருத்தலையும் ஒருசேரச் சொல்லும் இச்சொல், கிரேக்கச் சொல்லின் இரு பொருளையும் சிந்தாமல் ஏந்துகிறது. ஆகவே ‘பாரொய்க்கோஸ்’ என்பதை ‘அயற்குடி’ எனலாம்.

இம்மலையில் அச்சொல்லுக்கு நெடிய உரை வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் குடியுரிமை இழந்த மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் மாநில அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அங்கே இந்தியத் தமிழர் எனப்பட்டவர்கள் இங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். திருப்பலியில் அவர்களைக் கடைசி வரிசையில் நிற்கவிடும் ஒரு பங்கு, தன் பெயரின் முதற்பொருளையே வாசலில் நிறுத்திவைக்கிறது என்பேன்.

அப்படியானால் ‘பங்கு’ என்னும் வழக்கை மாற்ற வேண்டுமா? வேண்டாம். ‘பகு’ என்னும் வேரில் பிறந்து, பகிர்வு, பகுதி, பங்காளி ஆகியவற்றோடு உறவுடைய சொல் அது. வள்ளுவர் ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்றதும் அவ்வேரிலேயே. அயற்குடிக்கு இங்கே கிடைக்க வேண்டியது பங்குதான், விருந்தாளியின் இடமன்று. விருந்தாளி என்றால் என்றோ ஒருநாள் விடைபெற்றாக வேண்டுமே.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் பழைய வேரை மறக்கவில்லை. நிலையான இருப்பிடம் ஏதும் இல்லாதவர்க்கு, அவர் அப்போது தங்கியிருக்கும் இடத்தின் பங்குத்தந்தையே அவருடைய பங்குத்தந்தை என்கிறது அதன் 107-ஆம் விதி. அதன்படி, எங்கும் நிலையான வீடின்றி நேற்றுக் கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து கோத்தகிரிக்கு வந்து இறங்கிய கத்தோலிக்கப் பெண்ணிடம், “எந்தப் பங்கு?” என்று கேட்டால், “கோத்தகிரி” என்பதே சரியான விடை.